வாசகர் கேள்வி – பதில்: வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி திருச்சி, மதுரை விமான நிலையங்களைப் பற்றியவையாக இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, செட்டிநாட்டு ஊர்களிலிருந்து தூரத்தையும் நேரத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன். இதில் வரும் வான்வழித் தூரங்கள் விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிட்டவை என்பதால் ஓரிரு கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து என் தம்பி குடும்பத்துடன் திருச்சியில் வந்து இறங்குகிறான். மறுநாள் மதுரையில் ஒரு கல்யாணம். திருச்சிக்கும் மதுரைக்கும் வான்வழித் தூரம் 123 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 40 நிமிடம் என்று ஓர் இணையதளத்தில் பார்த்தேன். ஆனால் டிக்கெட் எடுக்கப் போனால் சென்னை வழியாகவும் பெங்களூரு வழியாகவும்தான் காட்டுகிறது. அந்த 40 நிமிட விமானம் எங்கே?
– ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: அப்படி ஒரு விமானம் கிடையாது. தூரம் சொல்லும் இணையதளங்கள் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தைக் காட்டிவிடும். அந்தத் தடத்தில் சேவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவை பதில் சொல்வதில்லை. அவற்றில் பல பின்பற்றும் கணக்கு மிக எளியது. நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். 123 கிலோமீட்டரை அப்படி வகுத்தால் ஒன்பது நிமிடம் வரும். அதனுடன் முப்பதைச் சேர்த்து, நீங்கள் பார்த்த 40 நிமிடத்தைக் காட்டியிருக்கிறார்கள். தூரத்தைப் பொறுத்தவரை அந்தத் தளம் சொன்னது சரிதான். நேரம் என்பது பறக்காத விமானத்தின் நேரம்.

திருச்சி விமான நிலைய வாசலில் கார் ஏறினால் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக நான்குவழிச் சாலையில் இரண்டே கால், இரண்டரை மணி நேரத்தில் மதுரை. சென்னை போய்த் திரும்பும் விமானத்துக்கு இடைக்காத்திருப்பையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். தம்பியைக் காரிலேயே வரச் சொல்லுங்கள். புதுக்கோட்டை வழியாகச் சற்றுச் சுற்றி வந்தால் கோட்டையூருக்கும் ஓர் எட்டு வந்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போக விரும்புகிறோம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உள்ள தூரம் ஓர் இடத்தில் 99 என்றும், இன்னோர் இடத்தில் 114 என்றும், மற்றோர் இடத்தில் 184 என்றும் இருக்கிறது. இதில் எது உண்மை? இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கடக்க வேண்டிய தூரத்துக்கு டிக்கெட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருப்பது ஏன்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, மூன்றும் உண்மை. 184 என்பது கிலோமீட்டர். அதையே நம் பழைய மைல்கல் கணக்கில், அதாவது 1.609 கிலோமீட்டர் ஒரு மைல் என்று கொண்டால் 114 மைல். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர் நீளமுள்ளது. அந்தக் கணக்கில் 99. அலகைப் போடாமல் எண்ணை மட்டும் எழுதிவிடுகிறவர்களால் வரும் குழப்பம் இது.

நேரத்தைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தடத்தில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் சேவையைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் ஓடுபாதை சிறியது என்பதால், அங்கே வருவது இரண்டு பக்கமும் விசிறி சுழலும் ஏடிஆர் 72 வகை விமானம். அது நல்ல உயரத்தில் நிதானமாகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். 184 கிலோமீட்டரை 500 ஆல் வகுத்தால் 22 நிமிடம் வருகிறது. உங்கள் கணக்கு அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 500 கிலோமீட்டர் வேகம் இந்தப் பயணத்தில் மிகச் சிறிது நேரமே கிடைக்கும். புறப்பட்டு ஏறும்போது ஏடிஆர் மணிக்கு 300, 350 கிலோமீட்டர் அளவில்தான் செல்லும். பதினைந்தாயிரம் அடி உயரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடமும் எழுபது கிலோமீட்டருக்கு மேலும் ஆகிவிடும். இறக்கத்துக்கு விமானிகள் வைத்திருக்கும் வாய்ப்பாடு, ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது. பதினைந்தாயிரம் அடிக்கு 45 கடல் மைல், அதாவது எண்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 184 இல் கிட்டத்தட்ட 160 போய்விட்டது. டவுன் பஸ் வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடுவதைப் போல, சமமட்டத்தில் முழு வேகத்துடன் பறக்க மிஞ்சுவது இருபத்தைந்து கிலோமீட்டர்தான்.

ஆக, தரையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை முப்பது முதல் நாற்பது நிமிடம் ஆகும் என்று கொள்ளலாம். டிக்கெட்டில் போடும் நேரமோ அதுவன்று. நிறுத்தியிருக்கும் விமானத்தின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று கட்டை போடுவது வரையிலான நேரத்தையே விமான நிறுவனங்கள் பயண நேரமாக அச்சிடுகின்றன. ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் இறங்க வரும் விமானத்துக்காகக் காத்து நிற்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை வருவது, கொஞ்சம் தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்குக் காட்ட வைத்துக்கொள்ளும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் எழுதியிருப்பதற்குப் பொருள், விமானம் ஓடும் திசை திசைகாட்டியில் 90 பாகை அல்லது 270 பாகை என்பதே. விமானம் கூடுமானவரை எதிர்காற்றில்தான் எழும். வாடை அடிக்கும் மாதங்களில் கிழக்கு நோக்கி எழுந்தால், தென்கிழக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்குச் சற்றே வலப்பக்கம் திரும்பினால் போதும். ஆடி, ஆவணியில், அதாவது நீங்கள் போகவிருக்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில், மேல்காற்று பலமாக இருந்தால் மேற்கு நோக்கி எழுந்து, பிறகு முற்றிலும் எதிர்த்திசைக்கு வட்டமடித்துத் திரும்ப வேண்டும். சிறிய தடத்தில் இந்த வட்டம் தின்னும் சில நிமிடங்கள் பெரிய பங்கு.

வீட்டிலிருந்து கணக்குப் போட்டால், பறக்கும் நேரம் இந்தப் பயணத்தின் மிகச் சிறிய பகுதி. தேவகோட்டையிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பலாலியில் குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி எடுப்பது, அங்கிருந்து நல்லூர். காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினால் மாலைப் பூசைக்குப் போய்ச் சேரலாம் என்று திட்டமிடுங்கள். இலங்கை செல்வதற்கான பயண அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. புறப்படும் வாரத்தில் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. காரைக்குடியிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான், திருச்சியிலிருந்து இருப்பதைவிடக் குறைவு. நம் ஊர்க்காரர்கள் கிழக்கே இருக்கும் யாழ்ப்பாணத்துக்குப் போக முதலில் வடக்கே எழுபத்தேழு கிலோமீட்டர் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. இந்த நீரிணையின் மேல் விமானம் பறப்பது புதிதன்று. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியதே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு வழியாகச் சென்னைக்கு, டகோட்டா விமானத்தில்தான். போர் ஆண்டுகளில் விமானப்படைத் தளமாக இருந்த பலாலி, பன்னாட்டு விமான நிலையமாக 2019 அக்டோபரில் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் வழக்கமான சேவை அங்கே தொடங்கியது.

கேள்வி: இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தளங்களை நம்பாமல் நாமே கணக்கிட முடியுமா? நான் கல்லூரி மாணவன். கணிதம் கொஞ்சம் வரும்.
– ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: தாராளமாக முடியும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். வடக்கு தெற்காக ஒரு பாகை அட்சரேகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை தீர்க்கரேகைக்கு உரிய தூரம், நிலநடுக்கோட்டில் 111 ஆக இருந்து, துருவத்தை நோக்கிப் போகப்போகக் குறையும். எந்த அட்சரேகையில் இருக்கிறோமோ அதன் கொசைன் மதிப்பால் 111 ஐப் பெருக்கினால் அது கிடைக்கும். நம் பகுதியில் அது 109 என்று வைத்துக்கொள்ளலாம்.

திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10.77, கிழக்குத் தீர்க்கம் 78.71. சென்னை 12.99, 80.17. அட்ச வேறுபாடு 2.22, அதை 111 ஆல் பெருக்க 246 கிலோமீட்டர். தீர்க்க வேறுபாடு 1.46, அதை 109 ஆல் பெருக்க 159 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 293 கிலோமீட்டர். இணையதளங்கள் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தால் அதிகம்.

பூமி உருண்டையாக இருக்க, தட்டைத் தாளில் போடும் கணக்கு எப்படிச் சரியாக வரும் என்று நீங்கள் கேட்கலாம். குறுகிய தூரத்தில் வளைவு பொருட்படுத்த வேண்டியதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கிழக்கு மேற்காகப் போனால் நீண்ட தூரத்துக்கும் இந்த முறை தாங்குகிறது: திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே உருண்டைக் கணக்கில் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர், தட்டைக் கணக்கில் இரண்டு கிலோமீட்டர்தான் கூடுதலாக வருகிறது. ஆனால் இதே முறையை லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள், நானூறு கிலோமீட்டருக்கு மேல் பிழை வரும். அங்கே உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி வடக்குப் பக்கமாக வளைந்து போகிறது. தாளில் இழுத்த நேர்கோடு அதைவிட நீளம். அதற்குக் கோள முக்கோணவியல் தேவை. உங்கள் பேராசிரியரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லித் தருவார்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் கணக்கிடுவது கோட்டின் நீளம். விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை; வான்வழித் தடங்களில், குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. சென்னைக்கு அருகில் வந்தபின் வரிசையில் நிற்கச் சொல்லி இரண்டு சுற்றுச் சுற்றவிட்டால் அதுவும் சேரும்.

கேள்வி: சென்னைக்கு விமானத்தில் போவதென்றால் எங்களைப் போன்றவர்களுக்குத் திருச்சி நல்லதா, மதுரை நல்லதா? பல்லவன் ரயிலை விட்டுவிட்டு விமானத்தில் போவதால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சம்?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: காரைக்குடியை நடுவாக வைத்துப் பார்த்தால், திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் 77 கிலோமீட்டர், மதுரை விமான நிலையம் 80 கிலோமீட்டர். ஏறத்தாழ சமம். சாலையில் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டியும், திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரையைச் சுற்றிக்கொண்டு போனால் நூறு கிலோமீட்டரை ஒட்டியும் வரும். பள்ளத்தூர், கானாடுகாத்தான், பொன்னமராவதி போன்ற வடக்குப் பகுதி ஊர்களுக்குத் திருச்சி நெருக்கம். தேவகோட்டைக்காரர்களுக்கு வரைபடத்தில் மதுரை பத்துக் கிலோமீட்டர் அருகில் இருக்கிறது.

விமானத்தில் ஏறியபின் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கலாம். திருச்சி–சென்னை 293 கிலோமீட்டர், மதுரை–சென்னை 416. இந்த இரண்டையும் கழித்தால் 123 வருகிறது. கோட்டையூர் வாசகருக்குச் சொன்ன திருச்சி–மதுரைத் தூரமும் அதே 123. இது தற்செயலாகப் பொருந்திய எண் அன்று. மதுரை, திருச்சி, சென்னை மூன்று விமான நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. வரைபடத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தால் அது திருச்சியைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஆனால் தனி விமானமாகப் பறந்தால் 40 நிமிடம் ஆகும் என்று தளம் சொன்ன அந்த 123 கிலோமீட்டர், மதுரை–சென்னைப் பயணத்தின் பகுதியாக வரும்போது ஒன்பது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஏற்றமும் இறக்கமும் இரண்டு பயணத்துக்கும் பொது. கூடுதல் தூரம் முழுவதும் உயரத்தில் முழு வேகத்தில் கடக்கப்படுகிறது. அட்டவணையில் திருச்சி–சென்னை ஒரு மணி நேரத்தை ஒட்டியும், மதுரை–சென்னை ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியும் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே தூரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குத் தோதான நேரத்தில் எந்த ஊரிலிருந்து விமானம் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்பதைப் பாருங்கள்.

பல்லவன் காரைக்குடியில் அதிகாலையில் புறப்பட்டு நண்பகலை ஒட்டி எழும்பூர் போய்ச் சேருகிறது. ஏறத்தாழ ஏழு மணி நேரம். விமானத்துக்கு வீட்டிலிருந்து திருச்சி ஒன்றே முக்கால் மணி நேரம், முன்னதாகப் போய்க் காத்திருப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம், பயணம் ஒரு மணி நேரம், சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி நேரம். ஐந்து, ஐந்தே கால் மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் நிற்பீர்கள். நீங்கள் போக வேண்டியது தாம்பரம் பக்கம் என்றால் பல்லவன் அங்கேயே நிற்கும். மிச்சமாவது ஒரு மணி நேரம்தான். என்னைக் கேட்டால், அன்றே போய் அன்றே திரும்ப வேண்டிய வேலைக்கு மட்டும் விமானம். மற்றபடி பல்லவனில் சன்னலோரம்.

கேள்வி: என் மருமகன் கோலாலம்பூரில் இரவு எட்டு மணிக்கு விமானம் ஏறி, ஒன்பதரைக்குத் திருச்சியில் இறங்கினார். ஒன்றரை மணி நேரத்தில் மலேசியாவிலிருந்து வந்துவிடலாம் என்று எங்கள் அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரும்பிப் போகும்போது ஆறரை மணி நேரம் காட்டியதும், போகிற விமானம் மோசமான விமானம் என்று முடிவே செய்துவிட்டார். அவருக்கு எப்படி விளக்குவது?
– ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: இரண்டு விமானமும் ஏறத்தாழ நான்கு மணி நேரமே பறந்தன. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மாலை ஐந்தரை. ஐந்தரைக்கு ஏறியவர் ஒன்பதரைக்கு வந்திருக்கிறார். போகும்போது அந்த இரண்டரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கும் இதே இரண்டரைதான். பர்மாவுக்கு ஒரு மணி நேரம். இலங்கைக்கு வித்தியாசமே இல்லை.

அப்பத்தாவுக்கு விளக்க ஒரு வழி சொல்கிறேன். மருமகனிடம் அலைபேசியில் பேசும்போது, "இப்போது அங்கே மணி என்ன?" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பினாங்குக்கு 'ரஜூலா' கப்பலில் நாள்கணக்கில் போய்வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவராக இருப்பார். நான்கு மணி நேரம் என்பதே அவருக்கு வேகம்தான்.

கேள்வி: செட்டிநாட்டிலேயே பழைய விமான ஓடுபாதை இருக்கிறதே, அதைச் சீர்செய்தால் இங்கிருந்தே சென்னைக்குப் பறக்கலாம் அல்லவா? எவ்வளவு நேரம் ஆகும்?
– ஒரு வாசகர், செட்டிநாடு

பதில்: இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதையைச் சொல்கிறீர்கள், அரசு கால்நடைப் பண்ணைப் பகுதியில் அது இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஏடிஆர் விமானம் ஓடினால் கட்டையை எடுத்தது முதல் கட்டை போடுவது வரை ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். முழுச் சுமையுடன் எழ அந்த விமானத்துக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் ஓடுபாதை வேண்டும் என்பதால், பெரிய விமான நிலையங்களுக்கு வேண்டிய நீளம்கூடத் தேவையில்லை. தூரம் இதற்குத் தடையே அன்று.

மத்திய அரசின் உடான் திட்டம் இப்படிப்பட்ட சிறு ஊர்களுக்காகவே வந்தது. 2017 ஏப்ரலில் சிம்லா–தில்லி விமானத்துடன் தொடங்கிய அத்திட்டத்தில், ஒரு மணி நேரம் அல்லது ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளின் கட்டணம் 2,500 ரூபாய் என்று வரம்பு வைத்து, விமான நிறுவனத்துக்கு வரும் இழப்பை அரசு ஈடுசெய்தது. சேலம் அதன் பயனாளி. சென்னையிலிருந்து 265 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் விமானம் வந்தது. சில ஆண்டுகளில் அது நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்களால் சேவை மறுபடியும் தொடங்கியது.

சேலத்துக்கே இந்த நிலை என்றால், ஒருபுறம் திருச்சியும் மறுபுறம் மதுரையும் எண்பது கிலோமீட்டரில் இருக்கும் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புதிய விமான நிலையங்களுக்கான 2008 ஆம் ஆண்டுக் கொள்கையும், ஏற்கெனவே உள்ள விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்றை எளிதில் அனுமதிப்பதில்லை. அதனால் பழையதற்கு ஏற்படும் பாதிப்பை ஆராய்ந்த பிறகே முடிவெடுக்கச் சொல்கிறது. கோரிக்கையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி விமானங்களுக்கோ, அவசர மருத்துவத்துக்கோ அந்த ஓடுபாதையைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தினசரிச் சென்னை விமானத்தைக் கேட்பதைவிட, காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலைய வாசல் வரை விமான நேரத்துக்கு ஏற்ற நல்ல பேருந்துச் சேவை கேட்டால் நம்மில் அதிகம் பேருக்குப் பயன்படும். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தின் வாசலில் நம் ஊர்க் கார்கள் எத்தனை நிற்கின்றன என்று ஒருமுறை நின்று பார்த்தால் இது விளங்கும்.

கேள்வி: சென்னை போகும்போது ஆகும் நேரமும் திரும்பும்போது ஆகும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லையே?
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: காற்று ஒரு காரணம்; ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் அது சில நிமிடம்தான். சென்னையின் நெரிசல் பெரிய காரணம். காலையிலும் மாலையிலும் அங்கே இறங்கவும் ஏறவும் வரிசை இருக்கும். திருச்சியிலோ மதுரையிலோ அந்த வரிசை கிடையாது. இரண்டு திசைக்கும் வேறு வேறு வகை விமானம் வந்தாலும் நேரம் மாறும்: ஜெட் விமானத்தைவிட ஏடிஆர் மெதுவானது. அட்டவணையே மாறுவதும் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறன்று கோடைக்கால அட்டவணையும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணையும் தொடங்கும். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் அந்த இரண்டு வாரங்களில் அலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

கேள்வி: யாழ்ப்பாண விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் நன்றாகத் தெரியும்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இரண்டு பக்கமும் தெரியும், ஏடிஆரில் இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே மறைப்பு இல்லை, ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை என்பதால் நடு இருக்கைத் தொல்லையும் இல்லை. வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் வழி பட்டுக்கோட்டைப் பக்கமாகப் போய், மல்லிப்பட்டினத்தை ஒட்டிக் கரையைத் தாண்டி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடலின் மேல் செல்கிறது. போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் முத்துப்பேட்டைச் சதுப்புக் காடும் கோடியக்கரை முனையும் தென்பட வாய்ப்புண்டு. முன்வரிசைகளுக்கு நேரே விசிறியும் எஞ்சினும் வரும். பின்வரிசையைக் கேட்டு வாங்குங்கள். ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான் இருக்கிறது.